செங்கால் மரத்தளம் உரிகிறது: திரும்பவும் வார்னிஷா, எண்ணெயா?

சிலேத்தார் திண்ணை | ஜனவரி 18, இரவு

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் சிலேத்தார் பக்கம் ஒரு பழைய தரைவீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பின்பக்கம் சுமார் 18 சதுர மீட்டருக்கு மரத்தளம் இருக்கிறது. முன்பு இருந்தவர் போட்டது, செங்கால் மரம் என்றார். பாதிக்கு மேல் கூரை கிடையாது. எங்களுக்கு அதுதான் திண்ணை. அப்பா காலையில் தமிழ் முரசு நாளிதழோடு அங்கேதான் உட்காருவார், பிள்ளைகள் சாயங்காலம் அங்கேதான் கிடப்பார்கள்.

போன ஆகஸ்டில் ஒரு ஒப்பந்தக்காரரை வைத்து வெளிப்புற வார்னிஷ் அடித்தோம். 1,400 வெள்ளி. முதல் நாள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள், மறுநாள் காலையிலேயே அடித்து முடித்துவிட்டார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. தீபாவளிக்குள் அங்கங்கே வெள்ளை பூத்தது. இந்தப் பொங்கலுக்கு வெளியே அடுப்பு வைத்தோம். பால் பொங்கி வழிந்த இடத்தைத் துடைத்தால், துணியோடு சேர்ந்து வார்னிஷ் தோல் மாதிரி உரிந்து வருகிறது. மகளின் உள்ளங்காலில் ஒரு சில்லு ஏறி, ஊசியால் எடுத்தோம். உரிந்த இடத்தில் விரலை வைத்தால் இன்னும் ஈரம் தெரிகிறது. திருகாணிகளைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது.

இப்போது திரும்ப அதையே அடிப்பதா, எண்ணெய்க்கு மாறுவதா? இன்னொன்று, பலகையில் குண்டூசி குத்தியது போலத் துளைகள் நிறைய இருக்கின்றன. கறையானா? அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பொங்கோல் பால்கனி | ஜனவரி 18, இரவு

அண்ணா, எனக்கும் இதே கேள்விதான். எங்களுடையது கொண்டோ அடுக்குமாடி வீட்டுப் பால்கனி, மெர்பாவ் மரப் பலகை. மழை பெய்தால் சிவப்பாகச் சாயம் வடிந்து கீழ்வீட்டுச் சுவர் வரை போய், அவர்கள் வந்து சொல்லும்படி ஆகிவிட்டது. யாராவது விவரமாகச் சொன்னால் நானும் படித்துக்கொள்கிறேன்.

பழைய தச்சர் | ஜனவரி 19, காலை

தம்பி, துளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகத் தூங்குங்கள். செங்காலில் குண்டூசித் துளை இருப்பது வழக்கம். மரம் பச்சையாக இருக்கும்போதோ, வெட்டிப் போட்ட புதிதிலோ ஒரு சின்ன வண்டு குடைந்தது. மரம் காய்ந்தால் அது பிழைக்காது. துளையின் ஓரம் கறுத்து, தூள் ஏதும் கொட்டாமல் இருந்தால் அது பழைய துளைதான். புதிதாகத் தூள் கொட்டினாலோ, மண் குழாய் மாதிரி ஏதாவது அடிச்சட்டத்தில் ஏறியிருந்தாலோ மட்டும் பூச்சி மருந்துக்காரரைக் கூப்பிடுங்கள்.

செங்கால் லேசுப்பட்ட மரமில்லை. திரெங்கானுவில் படகு கட்டும் மரம் அது. ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் இருக்கும். வைரம் பாய்ந்த செங்காலைக் கறையானும் எளிதில் தொடாது. நான் சுங்கை காடுட் மரப்பட்டறைகளில் இருபத்தாறு வருடம் இருந்தவன். அங்கே பழைய வீடுகளிலிருந்து கழற்றி வந்த செங்கால் பலகைகளை இழைத்துத் திரும்ப விற்றிருக்கிறோம். மேலே ஒரு மில்லிமீட்டர் சீவினால் உள்ளே புதுமரம்.

அதனால்தான் வார்னிஷ் நிற்கவில்லை. இவ்வளவு இறுகிய, தன் பிசினை உள்ளேயே வைத்திருக்கும் மரத்தில் எதுவும் ஆழமாக இறங்காது. வார்னிஷ் மேலே போர்வை மாதிரி உட்கார்ந்திருக்கும். மரம் மழையில் அகலும், வெயிலில் சுருங்கும், போர்வை கூடவே அசையாது. ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். உங்கள் வீட்டில் முதல் நாள் கழுவி மறுநாளே அடித்திருக்கிறார்கள், அங்கே தண்ணீர் முதலிலேயே உள்ளே இருந்தது.

கூரைக்குள் இருக்கும் கதவுக்கும் நாற்காலிக்கும் வார்னிஷ் நல்லதுதான், நானும் அடித்திருக்கிறேன். மழையும் வெயிலும் நேராக விழுகிற தளத்துக்கு ஊறும் எண்ணெய்தான். எண்ணெய் உரியாது, தேயும். தேய்ந்தால் கழுவிக் காயவைத்து இன்னொரு கை பூசினால் முடிந்தது. வார்னிஷ் போனால் முழுவதையும் சுரண்ட வேண்டும். இப்போது நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது அங்கேதான்.

சாம்பலே போதும் | ஜனவரி 19, மதியம்

எண்ணெயும் வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டுச் செங்கால் தளத்துக்கு ஒன்பது வருடமாக எதுவும் பூசவில்லை. வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது, பலகை கல் மாதிரி உறுதியாக இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவேன், அவ்வளவுதான். பூச்சு என்பது நிறத்துக்காக. நல்ல வைரமரத்தின் ஆயுளுக்கு அது தேவையில்லை.

ரசாயன ஆசிரியை | ஜனவரி 19, இரவு

மேலே சொன்னது செங்காலைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரிதான். சாம்பல் நிறம் அழுகல் இல்லை. மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளைப் புற ஊதாக் கதிர் உடைக்கிறது, உடைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சும் வெளிறிய நார்தான் சாம்பலாகத் தெரிகிறது. நம் ஊரில் மதிய நேரத்துப் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம், ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல். ஐரோப்பியக் கடைகளில் டப்பா மேல் எழுதியிருக்கும் ஆண்டுக் கணக்கை இங்கே நம்பக் கூடாது.

சிலேத்தார் அண்ணனின் வார்னிஷ் கழன்றதற்கு இதுவும் ஒரு காரணம். நிறமில்லாத படலத்தின் வழியே புற ஊதாக் கதிர் ஊடுருவும். படலம் நன்றாக இருந்தாலும் அதன் அடியில் இருக்கும் மரத்தின் மேற்பரப்பு சிதைந்துபோகும். அப்புறம் படலத்துக்குப் பிடிமானம் எங்கே? ஆகவே எண்ணெய் வாங்கும்போது நிறமி உள்ளதாக வாங்குங்கள். பெரும்பாலும் அது இரும்பு ஆக்சைடு, கதிரைத் தடுப்பது அதுதான். தெளிவான எண்ணெய் தண்ணீரை ஓரளவு விரட்டும், நிறத்தைக் காப்பாற்றாது. கடையில் தேக்கு எண்ணெய் என்று விற்பதைத் தேக்கிலிருந்து எடுத்தது என்று நினைக்க வேண்டாம். ஆளி எண்ணெயோ துங் எண்ணெயோ கொஞ்சம் தின்னரோடு கலந்திருக்கும். வெறும் ஆளி எண்ணெயைப் பூசினால் இந்த ஈரப்பதத்தில் பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. பூஞ்சணத் தடுப்பு சேர்த்த தள எண்ணெய்தான் வேண்டும்.

திருகாணியைச் சுற்றிய கறுப்பு, மரத்தில் உள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்ததால் வந்தது. நம் பாட்டிமார் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்தார்களே, அதே வேதிவினை. ஆக்ஸாலிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் போதும், பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். அது விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது, பிள்ளைகளையும் நாயையும் உள்ளே விடக் கூடாது. பொடியாகத் தூவவே கூடாது.

இரண்டு விஷயங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் வூல் இரண்டும் தளத்தின் பக்கமே வரக் கூடாது. உதிரும் தூள் ஒவ்வொன்றும் ஒரு கறுப்புப் புள்ளியாகும். அப்புறம், கழுவிய நீரை வீட்டுக்கு வெளியே இருக்கும் மழைநீர்க் கால்வாயில் தள்ளாதீர்கள். அது நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, நாம் குடிக்கும் தண்ணீர். பழந்துணியால் ஒற்றி எடுத்துக் கழிவறையில் ஊற்றுங்கள்.

சிலேத்தார் திண்ணை | ஜனவரி 20, இரவு

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. துளை விஷயத்தில் உண்மையிலேயே மனம் லேசானது. தூள் இல்லை, ஓரம் கறுப்புத்தான்.

சாம்பலாக விட்டுவிடலாம் என்பதை வீட்டில் பேசினோம். அப்பாவுக்கு 74 வயது, வெறுங்காலோடு நடப்பவர். எதுவும் பூசாத பக்கம் வேலி ஓரப் பலகைகள் இரண்டு பிளந்து போய்ச் சிலாம்பு நிற்கிறது. அதனால் எண்ணெய் என்று முடிவு செய்துவிட்டோம். எப்போது ஆரம்பிக்கலாம்? தினமும் மழை.

பழைய தச்சர் | ஜனவரி 21, காலை

தைப்பூசம் வரை பொறுங்கள். வடகிழக்குப் பருவத்தின் ஈரமான பாதி ஓய்ந்து, பிப்ரவரியில் காற்றும் வெயிலுமாக இருக்கும். இந்த ஊரில் மரவேலைக்கு அதுதான் நல்ல நேரம். அதைத் தவறவிட்டால் ஜூன், ஜூலை. ஆனால் அப்போது விடிகாலையில் சுமத்ரா காற்று மழையைக் கொண்டுவரும், காலை மழையைப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். ஏப்ரல், அக்டோபர், நவம்பரில் தொடாதீர்கள். மதியம் மூன்று மணிக்கு இடி இடித்தால் பூசியது போச்சு.

அதற்குள் சுரண்டும் வேலையை முடியுங்கள். எல்லாத் திருகாணியையும் முதலில் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே இறக்குங்கள், இல்லையென்றால் உப்புத்தாள் கிழிந்துகொண்டே இருக்கும். துருப்பிடித்ததைக் கழற்றி 316 வகைத் துருப்பிடிக்காத திருகாணி போடுங்கள். கடையில் 304தான் எடுத்துக் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். செங்காலில் துளை போடாமல் திருகாணி ஏற்றினால் தலை முறிந்துவிடும். வார்னிஷைச் சுரண்டியால் எடுத்து, 60 எண் உப்புத்தாள், அப்புறம் 80. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேசை மாதிரி வழவழப்பாக்க வேண்டும் என்று 180, 240 என்று போகாதீர்கள். மரத்தின் வாய் மூடிக்கொள்ளும், எண்ணெய் இறங்காது, மழையில் காலும் வழுக்கும். மூக்கில் நல்ல முகக்கவசம் கட்டாயம். வன்மரத் தூள் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது. எங்கள் காலத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தோம், அதில் நெஞ்சு கெட்டவர்களை எனக்குத் தெரியும்.

பலகை கழன்றிருக்கும்போதே கீழே பாருங்கள். இலை, மண், தேங்கிய தண்ணீர் இருந்தால் அள்ளிப் போடுங்கள். மேலே எவ்வளவு பூசினாலும் அடியில் ஈரம் நின்றால் பயனில்லை. ஏடிஸ் கொசுவும் அங்கேதான் முட்டையிடும். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்தால் டார்ச் அடித்துப் பார்க்கிற முதல் இடங்களில் அதுவும் ஒன்று.

பொங்கோல் பால்கனி | ஜனவரி 21, இரவு

ஐயா, மெர்பாவ் சாயத்துக்கு?

பழைய தச்சர் | ஜனவரி 22, காலை

மெர்பாவின் சாயம் தண்ணீரில் கரைவது, அடைத்து நிறுத்த முடியாது, வடித்துத்தான் ஆக வேண்டும். நிர்வாகத்திடமும் கீழ்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வடிகால் வாயில் துணி வைத்து, நாலைந்து முறை நனைத்து ஒற்றி எடுங்கள் அம்மா. தண்ணீர் வெளிறிய பிறகு எண்ணெய். ஏற்கெனவே சுவரில் இறங்கிய கறைக்கும் ஆசிரியை சொன்ன அமிலம் வேலை செய்யும். ஓரமாக ஓர் இடத்தில் பூசிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், பளிங்கு, சுண்ணாம்புக்கல் மேல் மட்டும் படக் கூடாது.

சிலேத்தார் திண்ணை | பிப்ரவரி 9, இரவு

மூன்று வார நிலவரம். சுரண்டுவதற்கே இரண்டு சனி, ஞாயிறு போனது. இடைவெளிகளில் ஒட்டிய வார்னிஷ்தான் பெரும்பாடு, மெல்லிய சுரண்டியை முக்கோணமாகத் தேய்த்து ஒவ்வொரு சந்தாக இழுத்தேன். 60 எண் தாள் ஓடியதும் கறுத்த பலகையின் அடியிலிருந்து தேன் நிறம் வந்தது. என் மனைவி வேலையை விட்டுவிட்டு வந்து கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த மரத்தையா இத்தனை நாள் மூடி வைத்திருந்தோம் என்றார்.

பாசி இருந்த பக்கத்துக்கு, அக்கா தனிமடலில் சொன்னபடி சோடியம் பெர்கார்பனேட் கரைசல் ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு அழுக்கு மேலே வந்தது. ஆனால் பலகை காப்பி நிறமாகிவிட்டது, ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. அதன் மேல் ஆக்ஸாலிக் அமிலம் பூசியதும் கண்ணெதிரே வெளுத்துப் பழைய நிறம் திரும்பியது. திருகாணிக் கறுப்பு இரண்டாம் முறையில் போனது.

வேலி ஓரமாக மூன்று பலகைகளில் மூன்று மாதிரி பூசி வைத்திருக்கிறேன்: தெளிவான எண்ணெய், இளம்பழுப்பு, கரும்பழுப்பு. இன்னும் இரண்டு வாரம் வெயிலில் விடப் போகிறேன். இப்போது ஒரே கேள்வி, மரம் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரசாயன ஆசிரியை | பிப்ரவரி 10, காலை

பெர்கார்பனேட் காரம், காரம் பட்டால் டேனின் கறுக்கும். அமிலம் பட்டதும் திரும்பி வரும். அந்த வரிசையில்தான் செய்ய வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை.

காய்ந்ததைப் பார்க்க ஈரமானி இருந்தால் நல்லது. ஆனால் அது காட்டும் அளவை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், செங்கால் மாதிரி அடர்த்தியான மரத்தில் அது கூடக்குறையக் காட்டும். நம் காற்றில் மரத்தின் ஈரம் எப்படியும் 16 சதவீதம் அளவில் வந்து நிற்கும், அதற்குக் கீழே இறங்கச் சொன்னால் இறங்காது. கூரைக்குள் மழை படாமல் இருக்கும் பலகையில் ஒருமுறை, வெட்டவெளிப் பலகையில் ஒருமுறை குத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவுக்கு வந்தால் காய்ந்துவிட்டது. ஈரமானி இல்லையென்றால் தொடர்ந்து மூன்று நான்கு வெயில் நாள். நடுவில் மழை வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. தண்ணீர் சொட்டு விட்டுப் பார்ப்பது இன்னொரு சோதனை, ஆனால் அது மரத்தின் வாய் திறந்திருக்கிறதா என்பதைத்தான் காட்டும். சில நிமிடங்களில் உறிஞ்சினால் எண்ணெயும் இறங்கும்.

சிலேத்தார் திண்ணை | பிப்ரவரி 23, இரவு

தெளிவான எண்ணெய் பூசிய பலகை இதற்குள் வெளிறத் தொடங்கிவிட்டது. கரும்பழுப்பு நிறம் நன்றாகப் பிடித்திருந்தாலும் மதியம் ஒரு மணிக்கு அதில் காலை வைக்க முடியவில்லை. இளம்பழுப்பை எடுத்துக்கொண்டோம்.

நேற்று முதல் கை பூசினேன். காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறும் முன். ஒரு பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முடித்துவிட்டுத்தான் அடுத்தது, நடுவில் நிறுத்தினால் பட்டை விழுகிறது. இருபது நிமிடம் கழித்து மிச்சத்தைத் துணியால் துடைத்தேன். அறுத்த முனைகளில் மட்டும் மூன்று நான்கு முறை தொட்டுத் தொட்டு வைத்தேன், உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

ஒரு தப்பு நடந்துவிட்டது. அப்பாவின் நாற்காலி இருக்கும் இடத்துக்கு நல்ல காப்பு இருக்கட்டும் என்று நானாகக் கொஞ்சம் தடிப்பாகப் பூசித் துடைக்காமல் விட்டேன். இன்று மாலை வரை கை வைத்தால் ஒட்டுகிறது, ஒரு எறும்பு மாட்டிக்கொண்டு நிற்கிறது. மற்ற இடமெல்லாம் காய்ந்துவிட்டது. என்ன செய்யலாம் ஐயா?

பழைய தச்சர் | பிப்ரவரி 23, இரவு

இந்த மரம் குடிப்பது கொஞ்சம்தான் தம்பி. குடித்தது காப்பாற்றும், மேலே நிற்பது பிசுக்காகும். அதே எண்ணெயைத் துணியில் லேசாக நனைத்து அந்த இடத்தில் மட்டும் தேயுங்கள். பழைய பிசுக்கு இளகும், உடனே காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். இளகாவிட்டால் டர்பன்டைன். இரண்டாம் கை இதைவிட மெலிதாக இருக்க வேண்டும், கிட்டத்தட்ட துணியாலேயே பூசிவிடலாம்.

துடைத்த துணியை என்ன செய்தீர்கள்?

சிலேத்தார் திண்ணை | பிப்ரவரி 23, இரவு

ஒரு பையில் கட்டிக் கொல்லைக் கழிப்பறையில் வைத்திருக்கிறேன் ஐயா.

பழைய தச்சர் | பிப்ரவரி 23, இரவு

இப்போதே போய் எடுங்கள். தண்ணீர் வாளியில் முக்குங்கள். செய்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.

ரசாயன ஆசிரியை | பிப்ரவரி 23, இரவு

ஐயா சொல்வதை உடனே செய்யுங்கள். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது, அப்போது வெப்பம் வரும். பலகையில் பரவியிருந்தால் வெப்பம் போய்விடும். சுருட்டிக் கட்டிய துணியில் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

சிலேத்தார் திண்ணை | பிப்ரவரி 23, இரவு

முக்கிவிட்டேன். பையின் நடுவில் இருந்த துணி, வெயிலில் காயவைத்து எடுத்தது போல வெதுவெதுப்பாக இருந்தது. கை நடுங்கிவிட்டது. கழிப்பறைக்கு அடுத்த அறையில்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஐயா, நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

பழைய தச்சர் | பிப்ரவரி 24, காலை

வேலை முடிந்ததும் துணியை ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் போடுங்கள், இல்லை மூடியிருக்கும் தகர டப்பாவில் தண்ணீரோடு வையுங்கள். முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். இதைப் படிக்கும் எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிலேத்தார் திண்ணை | மார்ச் 8, மாலை

இரண்டாம் கை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. பிசுக்கு இருந்த இடம் ஐயா சொன்னபடி தேய்த்ததில் சரியாகிவிட்டது, உற்றுப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் கறுப்பு தெரியும். 18 சதுர மீட்டருக்கு இரண்டு கைக்கும் சேர்த்து இரண்டரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே ஆனது. நேற்று ஒரு மணி நேரம் நல்ல மழை. பலகை மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, மழை விட்டதும் அப்பா வெளியே போய்க் குனிந்து ஒரு முத்தை விரலால் தள்ளிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியைப் பழைய இடத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இனி எவ்வளவு நாளுக்கு ஒருமுறை?

பழைய தச்சர் | மார்ச் 8, இரவு

நாள்கணக்கு வேண்டாம். தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவிப் பலகை கறுக்கத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது. கூரை இல்லாத பக்கம் ஒன்பது பத்து மாதத்தில் கேட்கும், கூரை உள்ள பக்கம் இரண்டு வருடம் தாங்கலாம். கேட்கிற பக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். கழுவுவது நார் பிரஷ்ஷால், தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம், அது நாரைக் கிளப்பிவிடும். பூந்தொட்டிகளுக்குக் கால் வைத்து உயர்த்துங்கள்.

பொங்கோல் பால்கனி | மார்ச் 8, இரவு

அண்ணா, எங்கள் பால்கனியில் ஐந்தாவது முறை நனைத்ததில் தண்ணீர் கிட்டத்தட்ட வெள்ளையாக வந்துவிட்டது. கீழ்வீட்டு அம்மாவும் சமாதானமாகிவிட்டார். நீங்கள் வாங்கிய இளம்பழுப்பில் மிச்சம் இருக்கிறதா? எங்களுடையது ஆறு சதுர மீட்டர்தான்.

சிலேத்தார் திண்ணை | மார்ச் 9, காலை

அரை லிட்டர் இருக்கிறதம்மா, மெர்பாவுக்கு முதல் கைக்குக் காணும். சனிக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், முக்கோணச் சுரண்டியும் தருகிறேன். மூடியுள்ள தகர டப்பா ஒன்று கையோடு கொண்டு வாருங்கள், துணிக்கு.